மூலைக் கட்டத்து எண்

காவல் நிலையத்தில் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சுகள் கிடந்தன. ஒன்றில் கைதான கார் ட்யூனரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். எதிர் பெஞ்சில், நாலு நாளாக ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறவனின் மனைவி. நடுவில் ஆறடி இடைவெளி. அதைக் கடந்து உள்ளே போவதற்குள் எனக்கு இரண்டு பக்கமிருந்தும் முறைப்பு விழுந்தது. அன்று காலையிலிருந்தே என்னைத் திட்டுவதற்கென்றே எல்லோரும் பல் தேய்த்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

"நீங்கதான் துப்பறியற ஆளா?" என்றாள் எதிர் பெஞ்சுக்காரி. அழுது முகம் வீங்கியிருந்தது. "என் புருஷன் இன்னும் கண்ணு முழிக்கலை. அவரைப் படுக்க வெச்சவனைக் காப்பாத்த வந்திருக்கீங்க. நல்லா இருங்க."

"துப்பறியறது மேடம்தாம்மா. நான் வெறும் ட்ரைவர்."

பாதி உண்மை. பதினெட்டு வருஷம் டாக்ஸி ஓட்டினேன். வாய் ஓயாமல் ஓடுவதால் ஸ்டாண்டில் எனக்கு 'மீட்டர்' என்று பெயர். சர்வேயர் மேடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, இது தானாக மோதியது, இது வேண்டுமென்றே மோதப்பட்டது என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். மேனேஜரின் மச்சான் வண்டிக்கும் உள்ளதை உள்ளபடியே எழுதிக் கொடுத்ததால் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இப்போது தனியாகத் துப்பறிகிறார். அவர் யோசிப்பார், நான் வண்டி ஓட்டுவேன். இடையிடையே திட்டு வாங்குவதும் என் வேலைதான்.

உள்ளே இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார்.

"மணி பத்தரை. நாலு மணிக்கு இவனைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் நீங்க இவன்கூடப் பேசலாம், பாடலாம், என்ன வேணா பண்ணலாம். ஜாமீன் கிடைக்காத செக்ஷன். அந்தப் பையன் போய்ட்டான்னா செக்ஷன் இன்னும் பெரிசாயிடும்."

ட்யூனர் சுவரோரமாக ஸ்டூலில் இருந்தார். நாற்பது வயது, ஒல்லி, நகக்கண்ணில் கிரீஸ். கார் எஞ்சினுக்குள் இருக்கும் கம்ப்யூட்டரை லேப்டாப்பில் இணைத்து, அதிலுள்ள கணக்குகளை மாற்றி எழுதி, நூறு குதிரை இழுக்கிற வண்டியை நூற்றிருபது குதிரை இழுக்க வைப்பது அவர் தொழில். இந்த ஊரில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் போனார்கள்.

அன்று விடிகாலையில் டைல்ஸ் வியாபாரம் செய்யும் அண்ணனும் தம்பியும் வழக்கம்போலக் கிடங்குத் தெருவின் நேர் சாலையில் பந்தயம் விட்டார்கள். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல் ஸ்போர்ட்ஸ் கார். அண்ணனுடையது கறுப்பு, தம்பியுடையது சிவப்பு. சிவப்பு வண்டியின் எஞ்சின் முழு வேகத்தில் இறுகி நின்றது. சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. வண்டி கிடங்குச் சுவரில் போய் மோதியது. நசுங்கிய வண்டியின் கம்ப்யூட்டரைப் பிரித்துப் பார்த்த ஷோரூம் எஞ்சினியர், உள்ளே இருக்கும் கணக்கு ஃபைலில் ட்யூனரின் கடைப் பெயர் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அண்ணன்காரர் புகார் கொடுத்தார். அன்று மதியமே அவருடைய ஆட்கள் கடைக்குள் புகுந்து கண்ணாடியை உடைத்து, லேப்டாப்பைத் தண்ணீர் டிரம்மில் போட்டு, வேலைக் குறிப்பேட்டைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். அதைப் பற்றி ஏன் கேஸ் இல்லை என்று நான் கேட்டதற்கு இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்த பார்வையில் என் நாக்கு தானாக உள்ளே போய்விட்டது.

மேடம் நேராக விஷயத்துக்கு வந்தார். "ஃபைல் உன்னுதா?"

"என்னுதுதான் மேடம்."

"முடிஞ்சுதா?" என்றார் இன்ஸ்பெக்டர். "அவனே ஒத்துக்கறான்."

"ஃபைல் என்னுது. ஆனா அந்த வண்டில அதை நான் போடலை."

"உன் சட்டை தானா நடந்துபோய் அடுத்தவன் உடம்புல ஏறிக்கிச்சா?"

மேடம் கையை நீட்டினார். எஞ்சினியர் அச்செடுத்துக் கொடுத்த தாள்கள் மேஜை மேல் இருந்தன. பக்கம் பக்கமாகக் கட்டங்கள், கட்டங்களுக்குள் எண்கள். எனக்கு அவை பல்லாங்குழி மாதிரி தெரிந்தன. மேடம் ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு வரிசையாகத் தடவிக்கொண்டே போனார். மூன்றாவது பக்கத்தின் வலது கீழ் மூலையில் விரல் நின்றது.

"எல்லா நம்பரும் படி ஏறற மாதிரி ஒழுங்கா ஏறுது. இருபத்தெட்டு, முப்பது, முப்பத்திரண்டு. கடைசிக் கட்டத்துல மட்டும் நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஏழு. இது என்ன?"

ட்யூனர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"அச்சுப் பிழையா இருக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அச்சுப் பிழைக்கு யாரும் இப்படி வேர்க்க மாட்டாங்க சார்," என்றேன் நான்.

"மேடம், இது தொழில் ரகசியம்," என்று முனகினார் ட்யூனர். "இந்த ஊர்ல நாலு பேர் என் ஃபைலைத் திருடித் திருடி விக்கறானுங்க. அவனுங்களைப் பிடிக்க என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். வெளிய தெரிஞ்சா நாளைக்கே அழிச்சுட்டுப் போட்டுருவானுங்க."

"நாளைக்கு நீ கடை திறந்தாத்தானே அந்தக் கவலை? கதவுக்குக் கண்ணாடியே இல்லை. சொல்லு."

அவர் சொன்னார். அந்த மூலைக் கட்டம் எஞ்சின் ஒருநாளும் எட்டாத வேகத்துக்கு உரியது. அதில் என்ன எண் போட்டாலும் வண்டி ஓடுவதில் வித்தியாசம் வராது. அதனால் ஒவ்வொரு வண்டிக்கும் ஃபைல் எழுதும்போது, அன்றைக்கு அந்த வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறதோ அந்த எண்ணை அங்கே ஒளித்து வைத்துவிடுவார். யாராவது ஃபைலைத் திருடி இன்னொரு வண்டியில் போட்டால், எந்த வண்டியிலிருந்து திருடியது என்று அந்த எண் காட்டிக் கொடுத்துவிடும்.

மேடம் தாளைக் கீழே வைத்தார். "சிவப்பு வண்டி மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு சார்?"

இன்ஸ்பெக்டர் வேண்டா வெறுப்பாகக் கோப்பைப் புரட்டினார். "ஒன்பதாயிரத்து முந்நூறு."

"ஒன்பதாயிரம் ஓடின வண்டிக்குள்ள நாற்பத்தோராயிரம் எப்படி வந்தது?"

எனக்குக் கை தட்டலாம் போல இருந்தது.

"தம்பி வண்டிக்கு எட்டு மாசம் முன்னாடி தனியா எழுதினேன்," என்றார் ட்யூனர். குரலில் இப்போதுதான் உயிர் வந்திருந்தது. "அந்த மாடல் இந்த ஊர்ல மூணே மூணுதான். ஒண்ணு பல் டாக்டருது, அது என்கிட்ட வந்தப்பவே எண்பதாயிரம் தாண்டிடுச்சு. ஒண்ணு மோதின வண்டி. இன்னொண்ணு..." அவர் கண் மேஜை மேல் இருந்த புகார்க் கடிதத்தில் போய் நின்றது. "பெரியவர் வண்டி. அதுக்குப் போன வருஷம் பெரிய இன்ஜெக்டர் மாட்டிருக்கு. இன்ஜெக்டர்தான் எஞ்சினுக்குள்ள பெட்ரோலைப் பீச்சறது. அந்த ஃபைல் பெரிய இன்ஜெக்டருக்கு எழுதினது. கரண்டிக் கணக்குல எழுதின சமையலை டீஸ்பூன்ல அளந்து போட்டா என்ன ஆகும்? பெட்ரோல் பத்தாம எஞ்சின் காய்ஞ்சு, பிஸ்டன் உருகி, இறுகிடும். அதான் ஆகியிருக்கு."

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்போ புகார் கொடுத்தவரே குத்தவாளியா? கூடப்பிறந்த தம்பியைக் கொல்லப் பார்த்தாரா? நாலு மணிக்குள்ள நிரூபிச்சுட்டு வாங்க. இல்லேன்னா வராதீங்க."

*

டைல்ஸ் ஷோரூம் மூன்று மாடி. தரைக்குக் கீழே வண்டி நிறுத்தும் இடம். பெரியவர் மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். ஆறடி உயரம், நாலு நாள் தாடி. நாங்கள் யார் என்று தெரிந்ததும் அவர் நடை வேகமாகியது. மேடம் எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டு அவரை வழியிலேயே மறித்துக்கொண்டார். நான் கறுப்பு வண்டிப் பக்கம் நழுவினேன்.

ட்யூனர் சொல்லியிருந்தார். ஆயில் மாற்றாமல் எந்த வண்டியிலும் கை வைக்க மாட்டாராம். மாற்றியதும் ஓட்டுநர் பக்கக் கதவின் உள்விளிம்பில், எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்றினோம் என்று எழுதி ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவாராம். கதவு பூட்டியிருக்கவில்லை. திறந்தேன். மஞ்சள் ஸ்டிக்கர், பேனா எழுத்து. 41,207.

"அங்க என்னடா பண்ற?"

என் சட்டைக் காலர் பின்னாலிருந்து இறுகியது. பெரியவர் என்னை ஒதுக்கித் தள்ளிவிட்டு ஸ்டிக்கரைப் பார்த்தார். மேடம் என்ன சொல்லியிருந்தாரோ, அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஒரே இழுப்பில் ஸ்டிக்கரைக் கிழித்துக் கசக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"இப்போ என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்," என்றார் மேடம். "அதே நம்பர் உங்க வண்டி கம்ப்யூட்டருக்குள்ளயும் இருக்கு. அதையும் கிழிச்சுப் பாக்கெட்ல போட்டுக்கோங்க. பெரிய இன்ஜெக்டர் வேற மாட்டிருக்கீங்களாமே."

அந்த வார்த்தையைக் கேட்டதும் பெரியவர் சட்டென்று திரும்பி, தூரத்தில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு ஆட்களை வெளியே போகச் சொன்னார். அவர்கள் போனதும் முகம் மாறியது. சிரித்தார்.

"சரி. என் வண்டி ஃபைல்தான் என் தம்பி வண்டில இருந்தது. ஒத்துக்கறேன். அதனால என்ன? ரெண்டு ஃபைலும் யார் கையில இருந்தது? அந்த ட்யூனர் கையில! தம்பி வண்டிக்குப் போட வேண்டியதை விட்டுட்டு என்னோடதைப் போட்டுத் தொலைச்சிருக்கான். கவனக்குறைவு. கேஸ் அதேதான், இப்போ இன்னும் கெட்டியாயிடுச்சு. இன்ஸ்பெக்டருக்கு நானே ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன். ரொம்ப நன்றிம்மா."

ட்யூனரைக் காப்பாற்ற வந்து, அவர் கழுத்துக்கு நாங்களே அளவெடுத்துக் கொடுத்திருந்தோம். மேடம் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கைப்பையின் வாரை இரண்டு சுற்று சுற்றிப் பிடித்துக்கொண்டார். அது அவருக்கு அடி விழுந்ததற்கு அடையாளம்.

"அவன் என்னை முந்தினான், தெரியுமா?" பெரியவர் குரல் திடீரென்று உடைந்தது. "ஆறு வருஷத்துல முதல் தடவை. கண்ணாடி வழியா என்னைப் பார்த்துச் சிரிச்சான். அடுத்த நிமிஷம் சுவர். அதைப் பண்ணினவனை நான் விட்டுருவேனா? சாவியை ஆன்ல விட்டு இந்த வண்டி பேட்டரியைக் கொன்ன ட்ரைவரையே நின்ன இடத்துல வீட்டுக்கு அனுப்பினவன் நான். இருபது வருஷமா இருந்த ஆளு. என் வண்டி மேல கை வெச்சா அவ்வளவுதான். கிளம்புங்க."

மேடம் வாரைச் சுற்றுவதை நிறுத்தினார். "அது எப்போ?"

"எது?"

"பேட்டரி செத்தது."

"மூணு வாரம் ஆச்சு. நான் வெளியூர் போயிருந்தப்போ. அதுக்கும் உங்களுக்கும் என்ன?"

"ஒண்ணுமில்லை," என்றார் மேடம். "வாய்யா மீட்டர்."

*

வண்டியைக் கிளப்பியதும் ஆரம்பித்தேன். "மேடம், நாம இப்படியே ரெண்டு நாள் உதவி பண்ணினா ட்யூனரைத் தூக்குலயே போட்டுருவாங்க."

"வாயை மூடிட்டு யோசி. ட்யூனருக்கு அந்த ஃபைல் வேணும்னா என்ன பண்ணுவான்?"

"அவர் லேப்டாப்ல இருக்குமே. எடுத்துப்பார்."

"அப்போ பெரியவர் வண்டிகிட்டயே போக வேண்டியதில்லை. ஃபைல் கையில இல்லாத ஆளுக்குத்தான் அதை வண்டியிலிருந்து படிச்சு எடுக்கணும். படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"எனக்கென்ன தெரியும்?"

"ட்யூனர் என்கிட்ட முன்னாடியே சொல்லிருக்கான். எஞ்சினை ஓட விடாம, சாவியை மட்டும் ஆன்ல வெச்சு, ஒரு மணி நேரம். அதனாலதான் அந்தத் தொழில்ல இருக்கறவன் முதல்ல பேட்டரிக்கு சார்ஜர் மாட்டுவான். அப்புறம்தான் லேப்டாப்பைத் திறப்பான். சார்ஜர் மாட்டணும்னு தெரியாத கத்துக்குட்டி உட்கார்ந்தா என்ன ஆகும்?"

என் கால் தானாக பிரேக்கை அழுத்தியது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்து என் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனான்.

"பேட்டரி செத்துப்போகும்," என்றேன்.

"அந்த ட்ரைவரைக் கண்டுபிடி."

இதற்குத்தான் மேடம் என்னை வைத்திருக்கிறார். ட்ரைவர்களின் வாட்ஸாப் குரூப்பில் ஒரே ஒரு வரி போட்டேன். டைல்ஸ்காரரிடம் இருபது வருஷம் ஓட்டியவர் இப்போது எங்கே? இருபது நிமிஷத்தில் ஏழு பதில்கள் வந்தன. நாலு பேர் வழி சொன்னார்கள், இரண்டு பேர் காலை வணக்கம் சொன்னார்கள், ஒருவன் என்னிடம் கொடுத்த ஜாக்கியை எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்டான்.

அவர் ஒரு ஸ்கூல் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார். டைல்ஸ்காரர் என்ற பேரை எடுத்ததும் தண்ணீர்க் குழாயை எங்கள் கால் பக்கமாகத் திருப்பினார்.

"அந்தக் குடும்பத்தைப் பத்திப் பேசறதுக்கு எனக்கு நேரமில்லை. போங்க."

மேடம் பின்வாங்கினார். நான் ஈரக் காலோடு நின்றேன். "அண்ணே, நானும் பதினெட்டு வருஷம் ஓட்டினவன். சாவியை ஆன்ல விட்டுட்டுப் போறது லைசென்ஸ் வாங்கின அன்னிக்குக்கூட நம்ம ஆளு செய்ய மாட்டான். நீங்க செஞ்சீங்கன்னு குரூப்ல சொல்றாங்க. நான் நம்பலை."

அவர் குழாயை மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது. "குரூப்ல சொல்றாங்களா?"

யாரும் சொல்லவில்லை. அந்தப் பொய்க்காக நான் வருத்தப்படவும் இல்லை.

"இருபத்தாறு வருஷத்துல ஒரு கீறல் கிடையாது," என்றார். "சின்னவர்தான் அன்னிக்கு அந்த வண்டில உட்கார்ந்திருந்தாரு. மடியில லேப்டாப். ஒரு மணி நேரம். அண்ணன்கிட்ட சொல்லாதீங்கன்னு சொன்னாரு. ராத்திரி பெரியவர் ஊர்லேருந்து வந்து சாவி போட்டா வண்டி கிளம்பலை. யாருன்னு கேட்டாரு. நான் வாயைத் திறக்கலை. போடான்னுட்டாரு."

சின்னவர். நான் மேடத்தைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவனே திருடன். யாரோ அவனைச் சாய்த்துவிட்டதாக ஒரு ஊரே ட்யூனரை அடிக்கக் கை ஓங்கிக்கொண்டிருக்கிறது.

"நாலு மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்து இதைச் சொல்லணும்," என்றார் மேடம்.

"மாட்டேன். அந்தப் புள்ளையை எட்டு வயசுலேருந்து ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனவன் நான். உசிருக்குப் போராடிட்டிருக்கு. அது தலையில பழியைப் போட நான் வரணுமா?"

"பழி இப்போ இன்னொருத்தன் தலையில இருக்கு. அவனுக்கும் வீடு இருக்கு. நீங்க ஒரு தடவை வாயை மூடினதுல உங்க வேலை மட்டும்தான் போச்சு. இந்தத் தடவை மூடினா அவன் ஜெயிலுக்குப் போவான்."

அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேனைத் துடைக்க ஆரம்பித்தார். அழுத்தித் துடைத்தார். நாங்கள் கிளம்பும்வரை திரும்பவே இல்லை.

*

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. பெரியவர் இன்ஸ்பெக்டருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ட்யூனர் கையில் விலங்கு மாட்டியாகிவிட்டது. இரண்டு பெஞ்சுப் பெண்களும் உள்ளே வந்து நின்றார்கள். ட்யூனரின் மனைவி என்னிடம், "காலையிலேருந்து எங்க ஊர் சுத்திட்டு வந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். என் நாக்கு மறுபடியும் உள்ளே போய்விட்டது. வாழ்க்கையில் இரண்டாவது தடவை.

"கதை சொல்ல வந்தீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மேடம் சொன்னார். பேட்டரி, ஒரு மணி நேரம், மடியில் லேப்டாப். சொல்லி முடிப்பதற்குள் பெரியவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"என் தம்பியா? பேச முடியாம கிடக்கறவன் மேல பழி போட வெக்கமா இல்லை? வேலையை விட்டுத் தூக்கின ட்ரைவர் சொன்னானாம்! அவன் எங்கே? வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்!"

"அவர் வரலை," என்றார் மேடம். அவர் குரல் இவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"ஏறுய்யா வண்டில," என்றார் இன்ஸ்பெக்டர் ட்யூனரிடம்.

வாசலில் ஒரு செருப்புச் சத்தம். பொத்தானைக் கழுத்து வரை போட்ட ஆள் உள்ளே வந்தார். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. பெரியவரைப் பார்க்கவும் இல்லை. நேராகச் சின்னவரின் மனைவி முன்னால் போய் நின்றார்.

"தாயி, என்னை மன்னிச்சுடு. இதை நீதான் முதல்ல கேக்கணும்."

ஃபோனை எடுத்து ஒரு குரல் செய்தியை ஒலிக்கவிட்டார். நாலு நாளாகப் பேசாத ஒருவனின் குரல் அந்த அறையில் கலகலவென்று பேசியது.

"அண்ணே, என்னால உங்க வேலை போச்சு, சாரிண்ணே. மூணு வாரம் பொறுத்துக்கோங்க. அண்ணன் வண்டில இருந்த ஃபைலை எடுத்துட்டேன், என் வண்டில போடப்போறேன். எப்படிப் போடறதுன்னு வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டிருக்கேன். ரெண்டு வண்டியும் ஒண்ணுதான், ஒரு ஸ்க்ரூகூட வித்தியாசம் இல்லை, ஓட்டற கையிலதான் இருக்குன்னு அவரே சத்தியம் பண்ணிருக்காரு. அப்போ கம்ப்யூட்டர்லதானே ஏதோ இருக்கணும்? ஒரே ஒரு தடவை அவரை முந்திட்டேன்னா, நானே எல்லாத்தையும் சொல்லி, உங்களைத் திரும்பக் கூட்டிட்டு வந்துடறேன். வெச்சுடறேண்ணே."

அவன் மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் ஃபோனைக் கையில் வாங்கித் தேதியைப் பார்த்தார். மறுபடியும் ஒருமுறை கேட்டார். பிறகு விலங்கின் சாவியை எடுத்து ட்யூனர் பக்கம் போனார்.

பெரியவர் அசையவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதானா மாமா?" என்று கேட்டாள் தம்பி மனைவி.

அவர் மேஜை மேல் இருந்த புகார்க் கடிதத்தைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன். ரெண்டு வண்டியும் ஒண்ணுதானா?"

"அது விளையாட்டுக்கு..." என்றார் அவர். "விளையாட்டுக்குச் சொன்னதும்மா. அவன் தோத்துட்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு நிப்பான். வம்புக்கு இழுப்பேன்."

அவள் ட்யூனர் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து அவரை எரித்துக்கொண்டிருந்த அதே கண்கள்தான். "நீங்களாவது சொல்லிருக்கலாமே."

விலங்கு கழன்ற மணிக்கட்டைத் தேய்த்தபடி ட்யூனர் தலையைக் குனிந்தார். "பெரிய இன்ஜெக்டர் மாட்டின விஷயம் தம்பிக்குத் தெரியக் கூடாதுன்னு பெரியவர் கேட்டுக்கிட்டாரும்மா. தம்பி என்கிட்ட வந்து நேரா கேட்டாரு. அண்ணன் வண்டில என்ன பண்ணிருக்கீங்கன்னு. ஒண்ணும் பண்ணலைன்னு நானும் பொய் சொன்னேன். சொல்லிருந்தா அந்த ஃபைல் தனக்கு ஒத்துக்காதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். தொட்டிருக்க மாட்டாரு."

அவருடைய மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "போதும். பேசினது போதும், வாங்க." மேடத்துக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. எனக்கு அது தப்பாகவும் படவில்லை.

பெரியவர் பேனாவை எடுத்தார். "புகாரை வாபஸ் வாங்க எங்கே கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் இடத்தைக் காட்டினார். போட்டார். அழுத்தியதில் பேனா தாளைக் கிழித்தது. பேனாவை வைத்துவிட்டு, "கிளம்பலாம்மா. ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு. டாக்டர் அஞ்சு மணிக்கு வரச் சொல்லிருக்காரு," என்றார் தம்பி மனைவியிடம். ஒன்றுமே நடக்காத மாதிரி சொல்லிப் பார்த்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ட்ரைவரைப் பார்த்தாள்.

"என்னை ஆஸ்பத்திரியில விட்டுடறீங்களா?"

"வா தாயி. வேன் வெளியிலதான் நிக்குது."

பெரியவர் அவர்களுக்குப் பின்னாலேயே வாசல் வரை போனார். படியில் கால் வைக்கும்போது அவள் நின்றாள். திரும்பவில்லை.

"அவர் கண்ணு முழிச்சா முதல்ல உங்களைத்தான் கேப்பாரு மாமா. நான் முந்தினதை அண்ணன் பார்த்தாரா, என்ன சொன்னாருன்னு கேப்பாரு. பார்த்தாருன்னு நானே சொல்லிக்கறேன். நீங்க வராதீங்க."

அவர் படியிலேயே நின்றுவிட்டார்.